நாலாகப் பிரித்த லைன்

பாப்பா,

உனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ஆனாலும் எனக்கு நீ பாப்பாதான். நீ இதைப் படிக்கும்போது உனக்கு இருபது, இருபத்தைந்து வயது ஆகியிருக்கும். அப்போது நான் எங்கே இருப்பேன், நான் செய்கிற இந்த வேலை என்று ஒன்று உலகத்தில் இருக்குமா, எதுவும் தெரியாது. எனக்கு உட்கார்ந்து எழுத வராது. கொஞ்சம் எழுதுகிறேன், எழுந்து தெருமுனை வரைக்கும் போய்விட்டு வருகிறேன், மறுபடியும் எழுதுகிறேன். காலேஜிலும் இதே கதைதான். இன்ஜினியரிங் இரண்டாவது வருஷம், மத்தியான கிளாஸ். ஜன்னல் வழியாகப் பண்ருட்டி பஸ் நிற்பது தெரிந்தது. எழுந்து போய் ஏறிவிட்டேன். அவ்வளவுதான். பின்னால் யாராவது உன்னிடம் 'உங்கப்பன் குடும்பக் கஷ்டத்தில் படிப்பை விட்டான்' என்று சொன்னால் நம்பாதே. உட்கார முடியவில்லை, விட்டேன்.

நாளைக்குக் குறிஞ்சிப்பாடிக்கு, உங்கம்மாவோட பிறந்த வீட்டுக்கு வருகிறேன், உன்னையும் உங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு போக. மூன்றாம் மாதம் முடிந்து நல்ல நாள் பார்த்து அழைத்துப் போவதுதான் வழக்கம். ஆனால் உன்னைத் தருவார்களா என்று எனக்குத் தெரியாது. உனக்குக் காப்பு போட்ட அன்றைக்கு, சொந்தக்காரர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, உன் தாத்தா, அதாவது உங்கம்மாவோட அப்பா, என்னிடம் சொன்னார்: "மாப்ள, வேலைன்னு ஒண்ண வாயால சொல்லிட்டு வந்து கூட்டிக்கினு போங்க. மரத்து மேல ஏறி ஒயர் கட்றதெல்லாம் எனக்கு வேலையாத் தெரியல." நான் பாயசத்தைக் குடிக்காமலே இலையை மூடிவிட்டேன். அவரும் ஒன்றும் ஆபீசர் இல்லை. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் மண் வாருகிற கான்ட்ராக்ட் வேலை. உங்கம்மா பிறப்பதற்கு முன்னாலிருந்து அதே கான்ட்ராக்ட். ஆனால் அவர் காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறுகிறார், சாயந்திரம் இறங்குகிறார். ஊர் கண்ணுக்கு அது வேலை. நான் நினைத்த நேரத்துக்கு வண்டியை எடுக்கிறேன், நினைத்த நேரத்துக்கு வருகிறேன். அது ஊர் கண்ணுக்குச் சுற்றுவது.

நான் செய்வது என்ன என்று உனக்குச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ படிக்கும் காலத்தில் இதெல்லாம் மண்ணுக்கடியில் போயிருக்கும். காலேஜை விட்டதும் முதலில் குடைக்குக் கீழே நின்று சிம் விற்றேன். டவுன்ஷிப் மெயின் ரோட்டில், பஜார் திரும்புகிற இடத்தில், வரிசையாகக் குடைகள் நிற்கும். ஒவ்வொரு போன் கம்பெனிக்கும் ஒரு கலர். சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு. ஷிப்ட் விட்டு வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுப்போம். "சார், நம்பர் மாத்த வேணாம், கம்பெனிய மட்டும் மாத்துங்க" என்று கத்துவோம். பக்கத்துக் குடைக்காரன் என் ஆளையே இழுப்பான். அடிதடி நடக்கும். அப்புறம் நாலு பேரும் ஒரே கடையில் டீ குடிப்போம். ஒருவனே ஒரு வருஷத்தில் நாலு கம்பெனிக்கு மாறியிருப்பான், எல்லா கம்பெனியும் அவனுக்கு ஏதாவது இலவசமாகக் கொடுத்திருக்கும். நான் அதுதான் உலகம் என்று நினைத்தேன். இத்தனை பேர் அடித்துக்கொண்டால் நமக்கு என்றைக்கும் கொண்டாட்டம்தான் என்று.

அப்புறம் ஒரு புதுக் கம்பெனி வந்தது. பேச்சு இலவசம், நெட் இலவசம், மாதக்கணக்கில். எங்கள் குடைகளில் ஈ ஆடியது. அடுத்த வருஷத்துக்குள் இந்தக் கம்பெனியை அந்தக் கம்பெனி வாங்கியது, இன்னொன்று இன்னொன்றோடு சேர்ந்தது. கடைக்காரர்கள் போர்டை அழித்து அழித்து எழுதினார்கள். ஒரு கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் சிக்னலை நிறுத்தியது. குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டில் ஜனம் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். வேறு கம்பெனிக்கு மாறுவதற்கு மெசேஜ் அனுப்ப வேண்டும், மெசேஜ் போகச் சிக்னல் வேண்டும், சிக்னல்தான் இல்லையே. உன் தாத்தா அந்தக் கம்பெனி சிம்தான். கான்ட்ராக்ட் ஆட்களை ஷிப்டுக்குக் கூப்பிடுவதே போனில்தான். கூப்பிட்டார்கள், போன் போகவில்லை, அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தார். "உங்க தொழில்ல எவனையும் நம்ப முடியாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சிக்னலை நிறுத்தியதே நான்தான் என்கிற மாதிரி. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை.

குடை போனதும் நான் பழனி அண்ணனிடம் சேர்ந்தேன். அவர் கேபிள் டிவி ஆபரேட்டர். எங்கள் முத்தாண்டிக்குப்பத்திலும் டவுன்ஷிப்பில் சில பிளாக்குகளிலும் அவருடைய லைன்தான். கடலூரில் ஒருவரிடமிருந்து நெட்டை மொத்தமாக வாங்கி, கேபிளோடு கேபிளாக வீடுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். அண்ணன், அவருடைய தம்பி குமார், என்னை மாதிரி வேலைக்கு வந்த சேகர், நான். நாலே பேர். குவார்ட்டர்ஸ் பக்கம் ஒயர் மரத்துக்கு மரம்தான் போகும். வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி மரம். அணில் கடிக்கும். இடி இடித்தால் லைனைப் பிரித்து விடுகிற பாக்ஸ் செத்துப் போகும். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் படுக்கப் போகிற நேரத்தில் அவர் வீட்டு மரத்தில் ஏறிக்கொண்டிருப்பேன், வாயில் வந்ததைத் திட்டுவார். அரை மணி நேரத்தில் நெட் வந்ததும் அவர் பெண்ணே காபி கொண்டுவந்து கொடுக்கும். எனக்கு அந்த வேலை பிடித்தது, பாப்பா. உட்கார வேண்டியதே இல்லை. எல்லா மரமும் எனக்குத் தெரியும், எல்லா நாயும் தெரியும்.

இலவச நெட் போனிலேயே வந்த பிறகு எங்கள் வீடுகள் குறைய ஆரம்பித்தன. "தம்பி, போன்லயே எல்லாம் வருது, எதுக்குடா ஒயரு?" என்பார்கள். நியாயம்தான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடு, பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள், பெரிய டிவி வாங்கியவர்கள், இவர்கள் மட்டும் நின்றார்கள். அப்போதுதான் பெரிய கம்பெனி எங்களைத் தேடி வந்தது. வடலூர் பக்கம் ஒரு ஓட்டல் மாடியில் மீட்டிங். சுற்று வட்டார கேபிள்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மட்டன் பிரியாணி. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பையன், என் வயதுதான் இருக்கும், சென்னையிலிருந்து வந்திருந்தான். உங்கள் லைனை எங்களிடம் கொடுங்கள், எங்கள் ஃபைபர் உங்கள் வழியாக வீட்டுக்குப் போகும், நீங்கள் எங்கள் பார்ட்னர் என்று திரையில் படம் போட்டுப் பேசினான். பழனி அண்ணன் எழுந்தார்.

"சார், ஒரு சந்தேகம். வூட்டுக்கு ஒரு வேலையா, லைனுக்கு ஒரு வேலையா?"

பையனுக்குப் புரியவில்லை. சிரித்தான். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார். உங்களையெல்லாம் விட்டுட மாட்டோம்."

அண்ணன் உட்கார்ந்தார். என் தொடையில் தட்டினார். "கேட்டியா? விட்டுட மாட்டோம்னு சொல்றான்."

வெளியூர்க்காரனாக இருந்தால் இந்த இடத்தில் சிரிப்பான். எங்கள் பக்கத்துக்காரன் சிரிக்க மாட்டான். எங்கள் பக்கத்தில் 'கம்பெனி எடுத்துக்கும்' என்றால் ஒரே அர்த்தம்தான். சுரங்கத்துக்கு நிலத்தை எடுப்பார்கள், நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை கேட்போம். அண்ணன் சின்னப் பையனாக இருந்தபோது அவர்கள் முந்திரித் தோப்பு சுரங்கத்துக்குப் போனது. அவர் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பத்திரத்தில் இருந்தார்கள். ஒரு குடும்பம், ஒரு வேலை. அப்பாவுக்குக் கிடைத்தது. பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, எல்லாம். சித்தப்பாவுக்கு ஒன்றும் இல்லை. பக்கத்துத் தோப்புக்காரர்கள் விவரமானவர்கள், எடுக்கப் போகிறார்கள் என்று காற்றுவாக்கில் கேட்டதுமே அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்துத் தனித்தனிப் பெயரில் பதிந்துவிட்டார்கள், ஆளுக்கு ஒரு வேலை வாங்கிவிட்டார்கள் என்று இன்றைக்கும் அவர் வீட்டில் பேச்சு வரும். சித்தப்பா கடைசிவரைக்கும் பழனி அண்ணனுடைய அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

மீட்டிங் முடிந்து வண்டியில் திரும்பும்போதே அண்ணன் முடிவு பண்ணிவிட்டார். முத்தாண்டிக்குப்பம் டீக்கடையில் வண்டியை நிறுத்திச் சொன்னார்: "லைன நாலாப் பிரிச்சிடலாம். ஆளுக்கு ஒரு பேரு. எடுக்க வரும்போது நாலு லைனு, நாலு வேலை. எங்கப்பன் பண்ண தப்ப நான் பண்ண மாட்டேன்."

குமார் கேட்டான்: "நாலு வேலையும் பெர்மனென்டா குடுப்பானா?"

"கேப்போம். ஒரே பேர்ல இருந்தா கேக்கவே முடியாதுல்ல?"

சேகர் டீ கிளாஸைத் தூக்கிக் காட்டினான். "அண்ணே, நீ தெய்வம்ணே."

நானும்தான் கையைத் தட்டினேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எந்த முதலாளியாவது தன் லைனை வேலைக்காரப் பசங்களுக்குச் சும்மா எழுதிக் கொடுப்பானா? அண்ணன் கொடுத்தார். கடலூர்த் தலைமைத் தபால் நிலையத்தில்தான் கேபிள்காரர்கள் பதிவு செய்ய வேண்டும். நாலு பேரும் போய் நாலு பெயரில் பதிந்தோம். ஆளுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அன்றைக்கு உங்கம்மாவுக்கு ஏழாம் மாதம். நான் என் பங்குக்கு 'பாப்பா நெட்வொர்க்' என்று வைத்தேன். போனில் சொன்னேன். "பையனாப் பொறந்தா என்னா பண்ணுவ?" என்று சிரித்தாள். பெர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கொடுப்பார்களா என்றும் கேட்டாள். போன் கம்பெனிக்கு ஏது குவார்ட்டர்ஸ் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

மறுபடியும் அந்த அட்டைப் பையன் வந்தபோது நீ பிறந்துவிட்டாய். கூடவே ஒரு இன்ஜினியர், கையில் டேப்லெட். லைன் எங்கே எங்கே போகிறது என்று கேட்டான். அண்ணன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நாலு பேரையும் வரிசையாக நிறுத்தினார், நாலு ஸ்டாம்பையும் காட்டினார். அந்த அட்டைப் பையன் டேப்லெட்டை வாங்கித் தடவினான். நிமிர்ந்தான்.

"சார், மீட்டிங்ல ஒரே ஆபரேட்டர்னுதானே இருந்தது?"

"ஆமா சார். இப்ப நாலு."

"ஏன் சார் பிரிச்சீங்க? ஒரு பேர்ல இத்தன வீட்டுக்கு மேல இருந்தாத்தான் நாங்க பார்ட்னராவே எடுக்க முடியும். இப்ப நாலு பேருமே சின்ன ஆளா இருக்கீங்க. சிஸ்டம்ல ஏறவே ஏறாது."

அண்ணன் தோப்புக் கதையைச் சொன்னார். அப்பா, சித்தப்பா, பத்திரம், எல்லாம். பொறுமையாகக் கேட்டான், அதைச் சொல்ல வேண்டும். சிரிக்கவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னான்: "சார், நாங்க நிலம் எடுக்க வரல. உங்க வீடுங்க வேணும். உங்க ஆளுங்க வேணாம். வேலைன்னு நான் யாருக்கும் சொல்லவே இல்லையே."

வண்டியில் ஏறிப் போய்விட்டான். சரி, மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்துவிடலாம் என்று அண்ணன் சொன்னார். சேர்ந்திருக்கலாம். ஆனால் சேகருக்கு வந்த பங்கு பஜார் பக்கம், நல்ல வீடுகள். அது மட்டுமில்லை, எங்கள் மூன்று பேர் லைனும் அவன் ஏரியா வழியாகத்தான் உள்ளே போகும். பெரிய கம்பெனி எங்களை விட்டுவிட்டுத் தனக்கென்று பள்ளம் தோண்டி ஃபைபர் போட ஆரம்பித்தது. சேகர் போய்ப் பேசினான். தன் வீடுகளைக் கொடுத்துவிட்டு, அந்தக் கம்பெனி டீ ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு அவனே வந்து சொன்னான். ஒளித்து வைக்கவில்லை.

"அண்ணே, எனக்கு ரெண்டு தங்கச்சி. உன் தோப்புக் கதைய வச்சி நான் கல்யாணம் பண்ணிக் குடுக்க முடியாது."

நான் எகிறினேன். "எழுதிக் குடுத்ததே அவருடா. வெக்கமா இல்ல?"

"உனக்கென்னடா, உன் புள்ள மாமியா வூட்டுல பாலு குடிச்சிக்கினு இருக்குது. என் வூட்ல வந்து பாரு."

அடித்திருப்பேன். அண்ணன் நடுவில் வந்தார். "போவட்டும் வுடு" என்றார். பிறகு சேகரைப் பார்த்து, "எங்க ஒயர எப்ப கழட்டணும்?" என்று கேட்டார். "மாசக் கடைசிக்குள்ள, அண்ணே" என்றான் சேகர், தரையைப் பார்த்துக்கொண்டு. அவன் பாக்ஸ் வழியாகப் போகிற ஒயரை எடுத்துவிட்டால் எங்கள் பக்கம் எல்லாம் இருட்டு. வேறு வழியாக, ரயில்வே லைன் ஓரமாகச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். மூன்று பேர், ஒரு ஏணி.

முந்தாநாள் அந்த அட்டைப் பையன் எனக்கு மட்டும் போன் பண்ணினான். நீங்கள் நல்லா வேலை செய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், ஃபீல்டுக்கு ஆள் வேண்டும், உங்கள் பங்கு வீடுகளை எங்கள் பக்கம் மாற்றிவிட்டால் உங்களுக்கு ஒரு வேலை போடலாம் என்றான். கம்பெனி வேலையா என்று கேட்டேன். கம்பெனிக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி பெயரில் என்றான். வருஷா வருஷம் புதுப்பிப்பார்களாம். நெய்வேலியில் பிறந்த குழந்தைக்குக்கூட அதன் பெயர் தெரியும். கான்ட்ராக்ட். ஆனாலும் மெசேஜ் அனுப்பிவிட்டான். கம்பெனி பெயர் மேலே பெரியதாக இருக்கிறது, ஏஜென்சி பெயர் கீழே எறும்பு மாதிரி. உன் தாத்தாவிடம் காட்டினால் மேலே இருப்பதை மட்டும்தான் படிப்பார். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு நாளாகப் பார்த்துப் பார்த்து வைக்கிறேன். ஆசையாக இருக்கிறது. பொய் சொல்லவில்லை, ரொம்ப ஆசையாக இருக்கிறது. அந்த மெசேஜ் இருந்தால் நீ நாளைக்கு என் மடியில் வருவாய். ஆனால் என் வீடுகளைக் கொடுத்தால், நான் ஏறின மரமெல்லாம் அவர்களுடையது, அண்ணனும் குமாரும் மட்டும் மிச்சம், ஏணியைப் பிடிக்க ஆள் கிடையாது.

இத்தோடு நிறுத்துகிறேன். மிச்சத்தைத் திரும்பி வந்து எழுதுகிறேன். என்ன எழுதுவேன் என்று எனக்கே தெரியாது.

*

வந்துவிட்டேன். வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் கலைந்துவிடும்.

போவதற்கு முன்னால் பழனி அண்ணனிடம் போனை நீட்டினேன். மெசேஜைப் படித்தார். கீழே இருந்த எறும்பு எழுத்தையும் படித்தார். "போறதுனா போடா. என்னப் பாக்காத. எங்க சித்தப்பன் மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிக்க மாட்டேன்" என்றார். அதைச் சொல்லிவிட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில்வே லைன் பக்கம் நடந்தார். இதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு சுலபமாக இருந்திருக்கும், உடனே பதில் அனுப்பியிருப்பேன். பஸ்ஸில் வழியெல்லாம் திரையைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தேன். குறிஞ்சிப்பாடியில் இறங்கும்போதுகூட முடிவு இல்லை.

நீ உங்கம்மா தோளில் இருந்தாய். தலையில் சிவப்புத் தொப்பி. என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாய். பெட்டி தயாராக இருந்தது, ஆனால் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது, வாசலுக்கு வரவில்லை. உன் தாத்தா அன்றைக்கு ஷிப்டுக்குப் போகவில்லை. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை, அதாவது உன் ஆயா, எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கவில்லை, தாத்தா ஆரம்பித்துவிட்டார்.

"என்னா மாப்ள, வேலை ஆச்சா?"

"ஒண்ணு வந்திருக்கு மாமா. பெரிய கம்பெனி." மெசேஜைத் திறந்து காட்டினேன். கம்பெனி பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அவ்வளவு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. போனை வாங்கி அத்தையிடம் காட்டினார். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். 

"பெர்மனென்டா, கான்ட்ராக்டா?"

"இப்போதிக்கு கான்ட்ராக்ட்."

"பின்னால பெர்மனென்ட் ஆயிடுமில்ல?"

ஆயிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரே கேள்வியில் பதிலை வைத்துத்தான் கேட்டார். வாயைத் திறந்தேன். அவர் கைகள் போனைப் பிடித்திருந்தன. நகத்துக்குள் கரி. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத கரி. இத்தனை வருஷமாக அவருக்கு யார் யார் 'ஆயிடும்' என்று சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. சூப்பர்வைசர் சொல்லியிருப்பான், யூனியன்காரன் சொல்லியிருப்பான், ஓட்டு கேட்டு வந்தவன் சொல்லியிருப்பான்.

"ஆகாது மாமா" என்றேன். "எப்பவும் ஆகாது. எங்க வீடுங்கள வாங்கிக்கத்தான் கூப்புடறாங்க. வீடு அவங்க கைக்குப் போனதும் அடுத்த வருஷம் வேணாம்பாங்க. நான் போவப் போறதில்ல."

"அப்ப என்னா பண்ணப் போறீங்க?"

"இருக்கிற லைனப் புடிச்சிக்கினு இருப்பேன். சேகர் வழி உட மாட்டான். வேற வழியா இழுக்கணும். வீடு இன்னும் கொறையும்."

"எத்தினி நாளைக்கு?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கு இம்மாம் தூரம் பஸ் ஏறி வந்தீங்களா? எதச் சொல்லி உங்க கூட என் பொண்ண அனுப்பறது?"

அவர் கத்தியதில் நீ அழ ஆரம்பித்தாய். உங்கம்மா உன்னைத் தட்டிக்கொண்டே, சத்தம் போடாமல் கேட்டாள். "ஏம்பா, நீ எதச் சொல்லி அம்மாவ இந்த வூட்டுக்குக் கூட்டிக்கினு வந்த?"

"அது அப்ப."

"எதச் சொன்ன?"

 அத்தை சமையலறை வாசலிலிருந்து பதில் சொன்னார். "அடுத்த தைக்குள்ள பெர்மனென்ட் ஆயிடும்னாரு. எங்கப்பா தலையில அடிச்சி சத்தியம் வேற. ஒவ்வொரு தைக்கும் சொல்லிக்கினுதான் இருக்காரு."

உங்கம்மா சிரித்துவிட்டாள். அத்தையும் முந்தானையால் வாயை மூடினார். நான் சிரிக்கவில்லை, தைரியம் இல்லை. தாத்தா எழுந்தார். போனை நாற்காலியில் வைத்தார். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார்.  உங்கம்மா உன்னை என்னிடம் கொடுத்தாள். "அந்த மெசேஜுக்கு வேணாம்னு அனுப்பு மொதல்ல. வச்சிக்கினு இருந்தா நீ நோண்டிக்கினே இருப்ப" என்றாள். ஒரு கையில் உன்னை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அனுப்பினேன். 'வேண்டாம் சார், நன்றி.' நீ என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். அனுப்பியதும் பயம்தான் வந்தது. நிம்மதி என்றெல்லாம் ஒன்றும் வரவில்லை.

பெட்டியை எடுப்பதா வேண்டாமா என்று உங்கம்மா நின்றாள். அப்பாவைக் கேட்காமல் கிளம்பக் கூடாது என்று அத்தை சொன்னார். வெயில் ஏறிவிட்டது. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். கடைசியில் தெருவில் ஆட்டோ சத்தம். தாத்தா டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வந்து இறங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை அவரே இழுத்தார், அவரே கொண்டுபோய் வைத்தார். டிரைவரிடம், "முத்தாண்டிக்குப்பம். பள்ளத்துல மெதுவா இறக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்:

"பச்சப்புள்ளைய பஸ்ல எல்லாம் எடுத்துக்கினு போவாதீங்க."

அவ்வளவுதான் பேசினார். சரி என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

இப்போது நீ உள்ளே தூங்குகிறாய். குமார் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான், ரயில்வே லைன் ஓரத்தில் பாதி ஒயர் இழுத்தாகிவிட்டது, மீதியை மாசக் கடைசிக்குள் இழுத்தாக வேண்டும். நீ இதைப் படிக்கிற வருஷத்தில் இரண்டு கம்பெனி இருக்குமோ ஒன்றுதான் இருக்குமோ, சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பீர்களோ, எனக்குத் தெரியாது. நான் ஜெயித்தேனா என்று உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இப்போது தெரியாது. உன்னைக் கேட்டு ஒருவன் வருவான், அல்லது உன்னை வேலைக்கு ஒருவன் கூப்பிடுவான். எல்லாம் ஆயிடும் என்று சொன்னால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கீழே இருக்கிற எழுத்தைப் படி. தெரியாது என்று சொல்கிறவனை நம்பு என்று நான் சொல்லவில்லை, அதிலும் ஏமாற்றுக்காரன் உண்டு. ஆனால் நீ ஒரு நாள் வந்து என் முன்னால் நின்று, 'இத செய்யப் போறேன்பா, என்ன ஆகும்னு தெரியாதுப்பா' என்று சொன்னால், நானும் கத்துவேன். நிச்சயம் கத்துவேன். எதைச் சொல்லி உன்னை அனுப்புவது என்று கேட்பேன். செருப்புப் போடாமல் வெளியே போய்விடுவேன். நீ பெட்டியோடு அங்கேயே இரு. கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வரும்.

அப்பா